கோப்பையை வென்று ஊரை இழந்த அணி: மைனர் லீக் ஐஸ் ஹாக்கி எப்படி நடக்கிறது?

2015 ஜூன் மாதம், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மான்செஸ்டர் நகரத்தின் ஐஸ் ஹாக்கி அணி கால்டர் கோப்பையை வென்றது. அணியின் பெயர் மான்செஸ்டர் மோனார்க்ஸ். அந்த ஊருக்கு அதுதான் முதல் கால்டர் கோப்பை. நான்கு மாதம் கழித்து அடுத்த சீசன் தொடங்கியபோது, கோப்பை வென்ற அணி அந்த ஊரில் இல்லை. ஆட்டக்காரர்களில் பலரும் பயிற்சியாளரும் நான்காயிரம் கிலோமீட்டர் தள்ளி, கலிபோர்னியாவில் ஒன்டாரியோ என்கிற ஊரின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். மான்செஸ்டருக்குக் கிடைத்தது அதே பெயரில், ஒரு படி கீழே உள்ள லீக்கில் ஆடும் வேறோர் அணி.

இந்த மாற்றத்தை அந்த ஆண்டு ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆகவே மான்செஸ்டர் ரசிகர்கள் பிப்ரவரி முதல் ஜூன் வரை கைதட்டியது, ஊரைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்த ஓர் அணிக்காக. கால்பந்து பார்த்துப் பழகியவருக்கு இது தலைகீழாகத் தெரியும். ஐரோப்பியக் கால்பந்தில் ஜெயித்தால் மேலே போகலாம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். இங்கே ஜெயித்த ஊர் கீழே இறங்கியது. ஆட்டத்தில் நடந்த எதற்கும் அந்த முடிவோடு தொடர்பில்லை.

ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் வட அமெரிக்க மைனர் லீக் ஹாக்கியின் முக்கால் பங்கு புரிந்துவிடும். ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும்: இந்த அணி யாருடையது?

முதலில் ஒரு சின்ன தெளிவு. ஹாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தரையில் பந்தை வைத்து ஆடும் ஆட்டம். இங்கே பேசுவது பனித்தளத்தில் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு, பக் என்கிற தட்டையான ரப்பர் வட்டை அடித்து ஆடும் ஐஸ் ஹாக்கி. ஒரே நேரத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும் களத்தில் இருப்பார்கள். மூச்சு வாங்கும் ஆட்டம் என்பதால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த ஆட்டத்தின் உச்சி, என்.எச்.எல். என்று அழைக்கப்படும் நேஷனல் ஹாக்கி லீக். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள். ஓர் அணி தன் பட்டியலில் 23 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 50 ஆட்டக்காரர்கள் வரை ஒப்பந்தம் போட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. மீதிப் பேர் எங்கே போவார்கள்? பதினெட்டு வயதில் தேர்வான ஒரு பையனுக்குப் பெரிய ஆட்டத்துக்குத் தயாராக நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கலாம். அதுவரை அவனை உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்துப் பயனில்லை. தினமும் ஆட வேண்டும். அந்த இடம்தான் மைனர் லீக்.

என்.எச்.எல்.லுக்கு நேர் கீழே இருப்பது அமெரிக்கன் ஹாக்கி லீக், சுருக்கமாக ஏ.எச்.எல். 1936இல் தொடங்கிய பழைய லீக். மான்செஸ்டர் வென்ற கால்டர் கோப்பை இதன் கோப்பைதான், என்.எச்.எல்.லின் முதல் தலைவர் பிராங்க் கால்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 2022 முதல் இதிலும் 32 அணிகள், மேலே உள்ள ஒவ்வோர் அணிக்கும் கீழே ஒன்று என்ற கணக்கில். இன்று என்.எச்.எல்.லில் ஆடுகிறவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் ஏதோ ஒரு கட்டத்தில் இங்கே ஆடி வந்தவர்கள்.

அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். 1988இல் ஐந்தே அணிகளோடு ஈஸ்ட் கோஸ்ட் ஹாக்கி லீக் என்று தொடங்கியது. 2003இல் மேற்குக் கரையின் லீக் ஒன்றிலிருந்து அணிகள் வந்து சேர்ந்தன. கிழக்குக் கரை என்ற பெயர் பொருந்தாமல் போகவே, எழுத்துகளை மட்டும் பெயராக வைத்துக்கொண்டார்கள். இங்கேயிருந்தும் மேலே போனவர்கள் உண்டு. 2012இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான கோல்கீப்பர் ஜொனாதன் குவிக், முன்பு இந்த லீக்கில் ரெடிங் ராயல்ஸ் அணிக்கு ஆடியவர். இன்னும் கீழே போனால் எஸ்.பி.எச்.எல். போன்ற சிறிய லீக்குகள். அங்கே மேலே உள்ள அணிகளோடு முறையான ஒப்பந்தம் கிடையாது. சீசனும் சிறியது.

ஏணியின் படிகள் எப்படித் தொடுத்திருக்கின்றன என்பதைப் பார்க்க டெட்ராய்ட் நல்ல உதாரணம். என்.எச்.எல்.லில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ். அதன் ஏ.எச்.எல். அணி, அதே மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கிராண்ட் ராபிட்ஸ் கிரிஃபின்ஸ். 2002 முதல் இந்த உறவு தொடர்கிறது. அடுத்த படியில் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ வால்ஐ. டெட்ராய்ட்டில் ஒருவருக்குக் காயம் என்றால் கிராண்ட் ராபிட்ஸிலிருந்து ஒருவர் கிளம்புவார். அவருடைய இடத்தை நிரப்ப டொலிடோவிலிருந்து ஒருவர் கிளம்புவார். எல்லாம் சில மணி நேரக் கார் பயணம்.

மூன்றும் ஒரே முதலாளியின் சொத்து என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மூன்றுக்கும் மூன்று சொந்தக்காரர்கள். ரெட் விங்ஸ், டெட்ராய்ட்டின் இலிச் குடும்பத்துடையது. கிரிஃபின்ஸ், கிராண்ட் ராபிட்ஸைச் சேர்ந்த டான் டிவோஸ் கையில் இருக்கிறது. டொலிடோ வால்ஐ அணியை நடத்துவது லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு. அதே ஊரின் பேஸ்பால் அணியான மட் ஹென்ஸோடு சேர்ந்தே அதன் நிர்வாகம் நடக்கிறது. வெயில் காலத்தில் பேஸ்பால், குளிரில் ஹாக்கி.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

ஆட்டக்காரர் ஒருவருக்கு, அணி இன்னொருவருக்கு

மைனர் லீக் அணியில் ஆட்டக்காரரும் அணியும் வேறு வேறு கைகளில் இருக்கலாம். கிரிஃபின்ஸ் சட்டையில் ஆடுகிற இளைஞனின் ஒப்பந்தம் ரெட் விங்ஸோடு இருக்கும். அவனுக்குச் சம்பளம் தருவது, எந்த நிலையில் ஆட வேண்டும் என்று தீர்மானிப்பது, நாளை மேலே அழைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பயிற்சியாளர்களையும் பொதுவாக மேலே உள்ள அணியே நியமிக்கிறது. உள்ளூர் முதலாளி பார்த்துக்கொள்வது மற்றதெல்லாம்: அரங்கத்தின் வாடகை, டிக்கெட், விளம்பரதாரர், பேருந்து. இரண்டையும் கட்டுவது சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் ஓர் இணைப்பு ஒப்பந்தம். காலம் முடிந்தால் புதுப்பிக்கலாம், பிரியலாம்.

இன்னொரு வகையில் மேலே உள்ள அணியே கீழே உள்ளதையும் சொந்தமாக வாங்கிவிடும். டொராண்டோ மார்லீஸ், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸை வைத்திருக்கும் அதே நிறுவனத்தின் சொத்து. இரண்டும் ஒரே நகரத்தில் ஆடுகின்றன. மான்ட்ரியால் கனேடியன்ஸ் தன் அணியைப் பக்கத்திலேயே லவாலில் வைத்திருக்கிறது. வின்னிபெக்கில் பெரிய அணிக்கும் சிறிய அணிக்கும் அரங்கமே ஒன்றுதான். சமீப ஆண்டுகளில் காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறது. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்ட் ஐஸ்ஹாக்ஸ், அந்த ஊர் அரங்கத்தை நடத்தும் பொது அமைப்பிடம் இருந்தது. 2021இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றாக இருப்பதில்லை. மேலே உள்ள அணிக்கு இருபது வயதுப் பையன் நிறைய நேரம் ஆட வேண்டும். தவறு செய்து கற்றுக்கொண்டாலும் பரவாயில்லை. ஊர் முதலாளிக்குச் சனிக்கிழமை அரங்கம் நிறைய வேண்டும், அதற்கு அணி ஜெயிக்க வேண்டும். முப்பது வயது அனுபவசாலி நாலு பேரைச் சேர்த்தால் நாளைக்கே ஜெயிக்கலாம். ஆனால் இளைஞனின் இடம் போய்விடும். இதற்காகவே ஏ.எச்.எல்.லில் ஒரு விதி உண்டு. கோல்கீப்பர்களைத் தவிர ஓர் ஆட்டத்துக்கு இறங்கும் 18 பேரில் 13 பேர் வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும். அந்த 13 பேரில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. ஒருவருக்கு மட்டும் 320 வரை சலுகை. லீக் எதற்காக இருக்கிறது என்பதை எந்த விளம்பர வாசகத்தையும்விட இந்த ஒரு விதி தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

இருந்தும், ஊருக்குச் சொந்தமான அணியாக நிலைத்து நிற்க முடியும் என்பதற்கு ஹெர்ஷி இருக்கிறது. பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர். ஹெர்ஷி பேர்ஸ் 1938 முதல் இடைவெளியில்லாமல் ஏ.எச்.எல்.லில் ஆடிவருகிறது. அணி, ஹெர்ஷி என்டர்டெயின்மென்ட் அண்ட் ரிசார்ட்ஸ் நிறுவனத்துடையது. அந்த ஊரின் கேளிக்கைப் பூங்காவையும் விடுதிகளையும் நடத்துவதும் அவர்கள்தான். 1984 முதல் 1996 வரை பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் தன் ஆட்டக்காரர்களை இங்கே அனுப்பியது. பிறகு 2005 வரை கொலராடோ அவலாஞ்ச். அதன்பின் வாஷிங்டன் கேப்பிடல்ஸ். மேலே மூன்று அணிகள் மாறின. கீழே பெயரும் ஊரும் மாறவில்லை. 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றதோடு 13 கால்டர் கோப்பைகள் சேர்ந்திருக்கின்றன. லீக்கில் வேறு எந்த அணிக்கும் இத்தனை இல்லை.

உறவு முறிந்தால் என்ன ஆகும்? இதற்கு செயின்ட் லூயிஸ் ப்ளூஸின் கதையைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. ப்ளூஸுக்கு சிகாகோ வுல்வ்ஸ் என்ற தனி முதலாளியின் அணியோடு ஒப்பந்தம் இருந்தது. 2017இல் லாஸ் வேகாஸில் புதிய என்.எச்.எல். அணி பிறந்தபோது வுல்வ்ஸ் அவர்கள் பக்கம் போய்விட்டது. ப்ளூஸுக்கு அந்த ஆண்டு தனக்கென்று ஒரு ஏ.எச்.எல். அணி இல்லை. தன் இளைஞர்களை அங்கே இருவர், இங்கே மூவர் என்று மற்றவர்களின் அணிகளில் இடம் கேட்டு உட்கார வைத்தது. ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல்கீப்பருக்கு இடம் கிடைத்தது பிராவிடன்ஸில். அது பாஸ்டன் புரூயின்ஸின் கிளை அணி. போட்டிக்காரன் வீட்டில் வாடகைக்கு இருந்த மாதிரி.

அடுத்த சீசனில் ப்ளூஸ் சான் அன்டோனியோ அணியோடு சேர்ந்துகொண்டது. பின்னிங்டன் அங்கிருந்து மேலே அழைக்கப்பட்டார். 2019 ஜனவரித் தொடக்கத்தில் ப்ளூஸ் புள்ளிப் பட்டியலில் கடைசி. ஜனவரி 7ஆம் தேதி முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து நின்ற பின்னிங்டன், ஒரு கோல்கூட விடவில்லை. அந்த ஜூன் மாதம் ப்ளூஸ் தன் வரலாற்றில் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. இறுதியில் தோற்றது பாஸ்டன் புரூயின்ஸ். ஓராண்டுக்கு முன் அந்த கோல்கீப்பருக்கு ஆட இடம் கொடுத்த அதே குடும்பம்.

வுல்வ்ஸின் கதை அதோடு முடியவில்லை. 2023-24 சீசனில் அவர்கள் யாரோடும் ஒப்பந்தம் இல்லாமல் தனித்து ஆடினார்கள். தங்கள் ஆட்டக்காரர்களைத் தாங்களே தேடிப் பிடித்தார்கள். அவர்களை விட்டுப் பிரிந்த கரோலினா ஹரிகேன்ஸ் தன் இளைஞர்களைப் பல அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே இரண்டு பேரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். ஊர் முதலாளியின் விருப்பத்துக்கும் மேலே உள்ள அணியின் தேவைக்கும் நடக்கும் இழுபறி இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்த சந்தர்ப்பம் வேறில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நோயின் காலம் காட்டிக்கொடுத்தது. மைனர் லீக்கில் பெரிய தொலைக்காட்சிப் பணம் கிடையாது. ஆட்கள் வந்து டிக்கெட் வாங்கினால்தான் பிழைப்பு. கோவிட் காரணமாக 2020இல் ஏ.எச்.எல். சீசன் பாதியில் நின்றது. 2021 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோது அரங்கங்கள் பெரும்பாலும் காலி. 28 அணிகள் ஆடின. மூன்று அணிகள் இந்த ஆண்டு வேண்டாம் என்று ஒதுங்கின: சார்லட், மில்வாக்கி, ஸ்பிரிங்ஃபீல்ட். மூன்றுமே தனி முதலாளிகளின் அணிகள். என்.எச்.எல். அணியே முதலாளியாக இருந்தால் காலி அரங்கத்திலும் ஆட்டம் நடத்துவார். அவருக்கு அது பயிற்சிச் செலவு. உள்ளூர்க்காரருக்கு அதே ஆட்டம் வெறும் நஷ்டம். அந்த ஆண்டு கால்டர் கோப்பை யாருக்கும் வழங்கப்படவில்லை.

உரிமம் என்ற பொருள்

இந்த லீக்குகளில் ஒருவர் வாங்குவதும் விற்பதும் எதை? ஆட்டக்காரர்களையும் இல்லை, அரங்கத்தையும் இல்லை. லீக்கில் ஒரு நாற்காலிக்கான உரிமம். பிரான்சைஸ் என்று சொல்கிறோமே, அது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். யாரும் உட்காராமல் மடித்துச் சுவரோரம் வைத்தும் வைக்கலாம்.

எட்மன்டன் ஆயிலர்ஸ் அப்படித்தான் செய்தது. எட்மன்டன் ரோட் ரன்னர்ஸ் என்ற அதன் ஏ.எச்.எல். அணி அந்த ஊரில் 2004-05 என்ற ஒரே சீசன் ஆடியது. பிறகு அணி இல்லை. உரிமம் மட்டும் உறக்க நிலையில் இருந்தது. ஐந்து ஆண்டு கழித்து அதை எழுப்பி ஓக்லஹோமா சிட்டி பேரன்ஸ் ஆக்கினார்கள். 2015இல் அது கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் போய் காண்டர்ஸ் ஆயிற்று. ஒரே உரிமம், மூன்று ஊர், மூன்று பெயர்.

நாற்காலிகள் சங்கிலியாக நகர்வதும் உண்டு. 2016இல் அரிசோனா கயோட்டீஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் அணியை வாங்கித் தன் வீட்டுப் பக்கம் டூசானுக்குக் கொண்டுபோனது. ஸ்பிரிங்ஃபீல்ட் சும்மா இருக்கவில்லை. ஏ.எச்.எல்.லின் தலைமையகமே இருக்கும் ஊர் அது. உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து, மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் இருந்த அணியை வாங்கிக் கொண்டுவந்து தண்டர்பேர்ட்ஸ் என்று பெயரிட்டார்கள். இப்போது போர்ட்லாண்டுக்கு அணி இல்லை. கண்டத்தின் மறுகோடியில் அலாஸ்கா ஏசஸ் என்ற ஈ.சி.எச்.எல். அணி, அந்த லீக்கின் கெல்லி கோப்பையை மூன்று முறை வென்ற அணி, 2017இல் மூடப்பட்டது. அதன் உரிமத்தை வாங்கி, 2018 முதல் போர்ட்லாண்டில் மேய்ன் மரைனர்ஸ் ஆடத் தொடங்கியது. அரிசோனாவில் எடுத்த ஒரு முடிவால் மாசசூசெட்ஸ் தவித்து, மேய்ன் இழந்து, கடைசியில் அலாஸ்காவின் காலி நாற்காலி மேய்னுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு ஊரிலும் சீசன் டிக்கெட் வைத்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

முதலாளி கடமையைச் செய்யவில்லை என்றால் லீக் உரிமத்தைப் பறிக்கவும் செய்யும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் ஆடிய க்ரவ்லர்ஸ், பிறந்த முதல் சீசனிலேயே, 2019இல், கெல்லி கோப்பையை வென்றது. 2024 ஏப்ரலில், சீசன் முடியச் சில ஆட்டங்கள் மீதியிருக்க, உறுப்பினர் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று ஈ.சி.எச்.எல். அதன் உறுப்புரிமையை ரத்து செய்தது. மீதி ஆட்டங்கள் நடக்கவில்லை.

அட்டவணை போடும் கணக்கு

இனி அட்டவணை. ஏ.எச்.எல்.லில் 2022-23 முதல் எல்லா அணிக்கும் 72 ஆட்டங்கள், பாதி உள்ளூரில், பாதி வெளியூரில். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஏழு மாதத்தில் 72 ஆட்டம் என்றால் சீராகப் பரப்பிவிடலாமே என்று தோன்றும். முடியாது, காரணம் அரங்கம்.

பெரும்பாலான ஊர்களில் அரங்கம் ஹாக்கிக்கு மட்டுமானது இல்லை. இசை நிகழ்ச்சி, சர்க்கஸ், கல்லூரிக் கூடைப்பந்து, குழந்தைகளுக்கான பனிச்சறுக்கு நாடகம் என்று ஆளாளுக்குத் தேதி கேட்பார்கள். ஆகவே கோடையிலேயே ஒவ்வோர் அணியும் அரங்கம் காலியாக இருக்கும் நாட்களைக் குறித்து லீக்குக்குக் கொடுக்க வேண்டும். சொந்த ஊர் முதல் ஆட்டம் போன்ற சில தேதிகளுக்கு உத்தரவாதமும் உண்டு. 32 ஊர்களின் காலி நாட்களையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் அட்டவணை.

அதிலும் எல்லோருக்கும் வேண்டியது வெள்ளி, சனி, ஞாயிறு. செவ்வாய்க்கிழமை இரவு, பனி கொட்டும்போது, நடுத்தர ஊர் ஒன்றில் எத்தனை பேர் வருவார்கள்? ஆட்டங்கள் வார இறுதியில் குவிய, மூன்று நாளில் மூன்று ஆட்டம் என்ற நிலை வருகிறது. வெள்ளி இரவு சொந்த ஊரில் ஆடி, முடிந்ததும் பேருந்து ஏறி, சனி இரவு வேறோர் ஊரில் ஆடி, மறுபடி ஏறி, ஞாயிறு பிற்பகல் இன்னொரு ஊரில். மூன்றாம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைக் கவனித்துப் பார்த்தால் கால்கள் கனப்பது தெரியும். அணி மோசமாக ஆடுகிறது என்று முடிவுகட்டும் முன், அது எத்தனையாவது ஆட்டம் என்று அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

வார நாளிலும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பள்ளி நாள் ஆட்டம். காலை பத்தரை, பதினோரு மணிக்கு ஆட்டம். ஊரின் பள்ளிகளிலிருந்து பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் வருவார்கள். அந்தச் சத்தம் எந்த இறுதிப் போட்டியிலும் கேட்காத சத்தம்.

யாரோடு ஆடுவது என்பதில் தூரம்தான் தீர்ப்பு சொல்கிறது. லீக்கை கிழக்கு, மேற்கு என்று இரண்டாகவும், அவற்றை நான்கு பிரிவுகளாகவும் பிரித்திருக்கிறார்கள்: அட்லாண்டிக், வடக்கு, மத்திய, பசிபிக். ஓர் அணி பெரும்பாலும் தன் பிரிவுக்குள்ளேயே சுற்றும். ஹெர்ஷியிலிருந்து ஆலன்டவுனும் வில்க்ஸ்-பேரியும் இரண்டு மணி நேரத்துக்குள் பேருந்தில் போய்ச் சேரும் தூரம். அங்குள்ள அணிகளோடு ஒரே சீசனில் பத்து முறைக்கு மேல் மோதுவதும் உண்டு. அதே ஹெர்ஷியைக் கலிபோர்னிய அணிகள் சீசன் முழுக்க ஒருமுறைகூடப் பார்க்காமல் போகலாம். ஒரே எதிராளியை அத்தனை முறை பார்த்தால் சலிக்காதா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ஏழாவது சந்திப்பில் போன வாரக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கும். அந்தப் பகை உணர்ச்சியில் விளையும் ஆட்டம் வேறு ரகம்.

இப்போது மான்செஸ்டருக்குத் திரும்பலாம். 2015 வரை ஏ.எச்.எல். பெரும்பாலும் கிழக்கே குவிந்திருந்தது. மேற்குக் கரை என்.எச்.எல். அணிகளுக்கு அது பெரிய தொல்லை. மான்செஸ்டர் மோனார்க்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸின் கிளை அணி. லாஸ் ஏஞ்சலிஸில் மாலை ஒருவருக்குக் காயம் என்றால், மாற்று ஆள் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து கண்டத்தையே கடந்து பறந்து வர வேண்டும். மேலாளர்கள் தங்கள் இளைஞர்களை நேரில் பார்ப்பதும் அரிது. ஆகவே ஐந்து என்.எச்.எல். அணிகள் சேர்ந்து தங்கள் கிளைகளைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோயின: ஒன்டாரியோ, பேக்கர்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்டன், சான் டியாகோ, சான் ஹோசே. பசிபிக் பிரிவு பிறந்தது. ஒன்டாரியோவில் ஏற்கெனவே கிங்ஸின் ஈ.சி.எச்.எல். அணி இருந்தது. அதை மான்செஸ்டருக்கு அனுப்பி, மான்செஸ்டரின் ஏ.எச்.எல். அணியை ஒன்டாரியோவுக்குக் கொண்டுவந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒன்டாரியோவுக்குக் காரில் ஒரு மணி நேரம்தான்.

அதோடு அந்த ஐந்து அணிகளும் இன்னொன்றையும் கேட்டு வாங்கின. மற்றவர்கள் 76 ஆட்டம் ஆடும்போது தங்களுக்கு 68 போதும் என்றன. ஆட்டம் குறைந்தால் பயிற்சிக்கு நாள் கிடைக்கும். இங்கேயும் விடை அதே கேள்வியில் இருக்கிறது. டிக்கெட் விற்றுப் பிழைப்பவர் நான்கு உள்ளூர் ஆட்டங்களை விட்டுக்கொடுக்கத் தயங்குவார். மேலே உள்ள அணியே முதலாளி என்றால் அவருக்குப் பயிற்சி நாள்தான் பெரிது.

ஒரே லீக்கில் ஆட்ட எண்ணிக்கை வேறுபட்டால் யார் முன்னே, யார் பின்னே? ஜெயித்தால் 2 புள்ளி. கூடுதல் நேரத்திலோ ஷூட் அவுட்டிலோ தோற்றால் 1. வழக்கமான நேரத்தில் தோற்றால் ஒன்றுமில்லை. இதை வைத்து விகிதம் கணக்கிட்டார்கள். ஓர் அணி 68 ஆட்டத்தில் 90 புள்ளி எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். எடுத்திருக்கக் கூடியது 136, விகிதம் 0.662. இன்னோர் அணி 76 ஆட்டத்தில் 95 புள்ளி. கூடியது 152, விகிதம் 0.625. புள்ளி குறைவாக இருந்தும் முதல் அணிதான் மேலே. இன்று எல்லோருக்கும் 72 என்று ஆனபிறகும், சீசன் நடுவே அணிகள் ஆடிய எண்ணிக்கை முன்பின்னாக இருக்கும். அதனால் பட்டியலைப் பார்க்கும்போது மொத்தப் புள்ளியைவிட விகிதத்தைப் பார்ப்பதே நல்ல பழக்கம்.

பிளே ஆஃப் சுற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 32இல் 23 அணிகள் உள்ளே வரும். முதல் சுற்று மூன்று ஆட்டத் தொடர், அடுத்த இரண்டு சுற்றுகள் ஐந்து ஆட்டத் தொடர், கடைசி இரண்டும் ஏழு ஆட்டத் தொடர். சீசன் முழுக்க உள்ளூர்ப் பகையாக நடந்த லீக், ஜூன் மாத இறுதித் தொடரில்தான் கண்டத்தின் இரு பக்கங்களையும் சந்திக்க வைக்கும். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஹெர்ஷி எதிர்கொண்டது கலிபோர்னியப் பாலைவனத்தின் கோச்செல்லா வேலி ஃபயர்பேர்ட்ஸை. அந்த அணி பிறந்த முதல் சீசனிலேயே இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை வந்தது.

மான்செஸ்டரின் ஈ.சி.எச்.எல். அணி 2019இல் மூடப்பட்டது.

ஹெர்ஷியில் அட்டவணை வெளியானதும் ரசிகர்கள் முதலில் தேடுவதில் ஒன்று, கரடி பொம்மை வீசும் நாள். எல்லோரும் கையில் பொம்மையோடு வருவார்கள். சொந்த அணி முதல் கோல் போட்ட கணத்தில் அத்தனையும் பனித்தளத்தில் வந்து விழும். பிறகு உள்ளூர் தொண்டு அமைப்புகள் வழியாகக் குழந்தைகளுக்குப் போகும். 2025 ஜனவரி 5ஆம் தேதி 1,02,343 பொம்மைகள் விழுந்தன. களத்தில் இருந்த இளைஞர்களில் பலரின் ஒப்பந்தம் வாஷிங்டனோடு; அடுத்த வாரமே யாராவது ஒருவர் மேலே போய்விடலாம். அன்று அவர்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, முழங்கால் ஆழப் பஞ்சுக் கரடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள்.